வாசகர் கேள்வி, எங்கள் பதில்: மேல்நிலையில் தொழிற்கல்வி

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெறும் நாளில் அந்தப் பிரிவும் ஓய்வுபெற்றுவிடுகிறது" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. மேல்நிலை வகுப்புகளில் இயந்திரவியல் பிரிவுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்றைத் தொடங்க அனுமதி கோரவிருக்கிறோம். எந்தப் பாடத்தைத் தேர்வது என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
தலைமையாசிரியை, நாமக்கல் மாவட்டம்

பாடத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பள்ளியிலிருந்து ஒரே பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் அவற்றைப் பழுதுபார்ப்போரும் இருக்கின்றனர். கோழிப்பண்ணைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் இரண்டு ஆசிரியர்கள் இருபது இடங்களுக்கு நேரில் போய் வரட்டும். ஆனால், "உங்களுக்கு ஆள் தேவைப்படுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லா முதலாளிகளும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஆமாமை நம்பித் தொடங்கிய பிரிவுகள் நான்கைந்தை நானே பார்த்திருக்கிறேன். போன ஆண்டு புதிதாக யாரைச் சேர்த்தீர்கள், முதல் மூன்று மாதம் அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள், என்ன சம்பளம், அவர் எதைக் கெடுத்தார், இடையில் நின்றவர் ஏன் நின்றார் என்று கேளுங்கள். இந்த ஐந்துக்கும் கிடைக்கும் பதில்களை எழுதிவைத்தால், உங்கள் பாடத்திட்டத்தில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கும்.

அடுத்ததாக, அந்த வேலைகளைப் பள்ளியில் கற்கத் தக்கவை, பட்டறையில் மட்டுமே கற்க முடிந்தவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவெடுத்தல், வரைபடம் படித்தல், மின்சாரத்தின் அடிப்படை, கருவிகளைப் பேணுதல், பாதுகாப்பு, பொருளுக்கும் கூலிக்கும் கணக்குப் போடுதல் ஆகியவற்றைப் பள்ளிதான் பொறுமையாகச் சொல்லித்தர முடியும். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தில் கைவேகத்தைக் கொண்டுவருவது பட்டறையின் வேலை. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் இருந்த இரண்டு பழைய லேத்துகளில்தான் நான் கடைசல் வேலை கற்பித்தேன். பிற்காலத்தில் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி இயந்திரங்கள் வந்து இறங்கியபோது, என் மாணவர்களில் வரைபடத்தையும் டாலரன்ஸையும் (அளவில் அனுமதிக்கப்படும் சிறு விலகல்) மைக்ரோமீட்டரையும் புரிந்துகொண்டிருந்தவர்கள் சில வாரங்களிலேயே புதிய இயந்திரத்துக்குப் பழகிவிட்டார்கள். கைப்பிடியைச் சுற்றுவதில் மட்டும் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் தடுமாறினார்கள். அவர்களை அப்படிக் கெட்டிக்காரர்களாக்கிப் பெருமைப்பட்டவனும் நான்தான். ஆகவே, "லாரி பாடி வெல்டிங்" என்று குறுகலாக வகுக்காமல், அடிப்படை இயந்திரவியல் அல்லது தானியங்கி ஊர்திப் பொறியியல் என்ற அகலமான பாடத்தை எடுத்துக்கொண்டு, செய்முறைப் பயிற்சிகளை மட்டும் உங்கள் ஊரின் வேலைகளிலிருந்து அமைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கையையும் மறந்துவிடாதீர்கள். பதினைந்து பட்டறைகள் உள்ள ஊரில் ஆண்டுதோறும் நாற்பது பேரைப் பயிற்றுவித்து அனுப்பினால், மூன்றாம் ஆண்டிலேயே அவர்கள் ஒருவருக்கொருவர் கூலியைக் குறைத்துக்கொள்ளும் நிலை வந்துவிடும்.

என் மகள் பத்தாம் வகுப்பில் 500க்கு 263 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் எடுக்கச் சொல்கிறார்கள். அது படிக்காத பிள்ளைகளுக்கான குரூப் என்று என் அண்ணன் தடுக்கிறார். படித்து முடித்தால் நர்ஸ் வேலை கிடைக்குமா?
தாயார் ஒருவர், திருப்பூர்

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேல்நிலையில் செவிலியம் படித்ததனால் மட்டும் ஒருவர் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. அதன் பிறகு ஏ.என்.எம்., ஜி.என்.எம். என்ற செவிலியர் பயிற்சிகளில் ஒன்றையோ பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தையோ படித்துச் செவிலியர் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். அந்தப் படிப்புகள் ஒவ்வொன்றுக்கும் மேல்நிலையில் எந்தெந்தப் பாடங்கள் கேட்கப்படுகின்றன என்பதை, பிரிவைத் தேர்வதற்கு முன்பே சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சேர்க்கை நாளன்றே சொல்லாத பள்ளிகள் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது.

உங்கள் அண்ணன் சொல்வது ஊர்வழக்கு; விதி அப்படிச் சொல்லவில்லை. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்கள் தொடர்புடைய டிப்ளமோ படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் இவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வழங்கப்படும் ரூ.1,000, பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும். எனினும், பள்ளிக்குப் போய் மூன்று செய்திகளை விசாரித்த பிறகே முடிவெடுங்கள்: அந்தப் பாடத்துக்கு நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, மாணவிகளை மருத்துவமனைப் பயிற்சிக்கு உண்மையில் அழைத்துச் செல்கிறார்களா, இரண்டாண்டுகளுக்கு முன் முடித்துப் போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் தெரியாத பள்ளியில், மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் பதிலைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பெண் என்பதனாலேயே செவிலியம், தையல், அலுவலக மேலாண்மை என்ற வட்டத்துக்குள் நிறுத்த வேண்டியதில்லை. அவளுக்கு மின்சார வேலையில் விருப்பமா என்று யாராவது கேட்டார்களா?

பள்ளியில் தொழில் கற்பிப்பது என்பது குலக்கல்வியைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவதாகாதா? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பேனர், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்றுதானே அது முடியும்?
கல்லூரி மாணவர், மதுரை

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் தொழிற்கல்வித் திட்டம் வகுக்கக் கூடாது என்பது என் கருத்து. 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென வந்த, எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று அழைத்த திட்டத்தில், பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கப்பட்டது. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிர்ப்பு வலுத்தது, 1954இல் அவர் பதவி விலகியபின் காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்த நினைவு இன்னும் உயிரோடு இருப்பதனால்தான், கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், 18 என்ற குறைந்தபட்ச வயதையும் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. அதற்கு மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35 ஆக வைக்கப்பட்டது.

ஆனால், 1953இன் திட்டத்தில் தவறாக இருந்தது எது என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். கையால் வேலை கற்பது அதில் தவறில்லை. அதே காலத்துக்குச் சற்று முன், 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்ததுதான். ஆயினும் அங்கே கைத்தொழில் பள்ளிக்குள் இருந்தது, அதன் வழியாகவே கணக்கும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டும் என்று எண்ணப்பட்டது. 1953இன் ஏற்பாட்டிலோ தொழிலைத் தேர்ந்தது பிறப்பு. தேர்ந்த வயது எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. அதற்கு விலையாகப் பறிபோனது படிப்பு நேரம். இம்மூன்றும் இன்று ஒரு திட்டத்தில் இருந்தால், அதற்கு எந்தப் புதிய பெயர் வைத்தாலும் அது பழையதுதான்.

அதனால்தான் திட்டம் வகுப்போரிடம் நான் நான்கு நிபந்தனைகளை வலியுறுத்துவேன். பத்தாம் வகுப்புக்கு முன் எந்தப் பிள்ளையையும் ஒரு தொழிலுக்கென்று ஒதுக்கக் கூடாது. தொழிற்கல்விப் பிரிவிலும் மொழிப்பாடங்களும், கணக்கைப் பயன்படுத்தும் பாடமொன்றும் குறையாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் கல்லூரிக்கு வழி திறந்திருக்க வேண்டும். நான்காவதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள்: கீழ்வகுப்புகளில் பட்டறை அனுபவம் எல்லோருக்கும் வேண்டும், முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழகும் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதன் பல பகுதிகளோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனாலும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ரம்பத்தைப் பிடிக்கும் அந்த எண்ணத்தை மட்டும் நாம் நம் முறையில் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டை எடுத்துக்காட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியில், பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். எந்தக் குடும்பத்துப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது அங்கேயும் நீண்டகால விவாதம்தான்.

உங்களுக்கு ஒரு சோதனை முறை சொல்கிறேன். ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போய், தொழிற்கல்விப் பிரிவின் சேர்க்கைப் பதிவேட்டையும் முதல் குரூப்பின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தந்தையின் தொழில் என்ற கட்டத்தை மட்டும் படித்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு ஊர்களின் பதிவேடுகள் போலத் தோன்றினால், உங்கள் அச்சத்துக்கு அங்கே ஆதாரம் இருக்கிறது.

தொழிற்கல்விப் பிரிவில் மின்பொறியியல் கற்பிக்கிறேன். செய்முறைத் தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே போடப்படுகிறது. வேலை தெரியாத மாணவனும் நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறுகிறான். மதிப்பீட்டை எப்படி மாற்றலாம்?
ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

மாடிப்படி விளக்குச் சுற்றை இணைத்துக் காட்டு என்பதுதானே காலங்காலமாக நாம் வைக்கும் தேர்வு? மனப்பாடமாக நான்கு கம்பிகளை இணைத்துவிட்டுப் போகிறான். அதற்குப் பதிலாக, நீங்களே ஒரு பலகையில் சுற்றை இணைத்து, அதில் ஒரு கோளாற்றை ஒளித்துவைத்து, மின்னோட்டம் இல்லாத நிலையில் சோதனைக் கருவியோடு அரைமணி நேரம் கொடுங்கள். எங்கே தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய், சரிசெய்ய என்ன பொருள் வேண்டும், வீட்டுக்காரரிடம் எவ்வளவு கேட்பாய் என்பன கேள்விகளாக இருக்கட்டும். வேலை தெரிந்தவனும் தெரியாதவனும் பத்து நிமிடத்தில் பிரிந்துவிடுவார்கள்.

மதிப்பிடுவோர் யார் என்பது அதைவிடப் பெரிது. ஜெர்மனியில் பயிற்சியின் இறுதித் தேர்வைத் தொழில் வணிகச் சபைகளும் கைவினைச் சபைகளும் நடத்துகின்றன. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதியும் தொழிலாளர்களின் பிரதிநிதியும் ஆசிரியரும் உட்காருகிறார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்து ஒருவர் வேலை கொடுக்கிறார் என்றால், அதைக் கொடுத்தவர்களில் தன் துறைக்காரரும் இருக்கிறார் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். அரசாணை இல்லாமலேயே நீங்கள் செய்யக்கூடிய சிறு வடிவம் ஒன்று உண்டு: உங்கள் ஊரில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரை, அரையாண்டு மாதிரித் தேர்வுக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். மதிப்பெண் அவர் போட வேண்டாம். இவனை நான் வேலைக்கு எடுப்பேனா என்று மட்டும் ஒரு தாளில் எழுதித் தரட்டும்.

கருவிகள் இல்லை என்றும் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் கருவிகளைவிடக் கம்பிக்கும் வெல்டிங் ராடுக்கும்தான் பணம் கிடைக்காது. இயந்திரம் ஒருமுறை வாங்கப்படும், திறப்பு விழாவும் நடக்கும். அன்றாடம் தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஒதுக்கீடு கேட்டால் கோப்பு நகராது. திட்டம் வகுக்கும்போதே ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு எத்தனை மீட்டர் கம்பி என்று கணக்கிட்டுச் சேர்த்துவிட வேண்டும். அருகில் அரசு ஐ.டி.ஐ. இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அங்கே பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் நவீனமாக்கப்பட்டிருக்கின்றன, அந்த இயந்திரங்களைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்ததுகூட இல்லை என்றால் அது வீண்.

சிறு பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கச் சொல்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் ஒருபுறம். பழக்கிவிட்ட பையன் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான் என்ற கவலை மறுபுறம்.
பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

முதல் பயம் நியாயமானது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. ஆகவே, பதினாறு பதினேழு வயது மாணவர் உங்கள் பட்டறைக்கு வந்தால், அவர் கற்க வந்தவராகத்தான் இருக்க வேண்டும்; உற்பத்தி வரிசையில் ஓர் ஆளாக நிற்கக் கூடாது. அளவு சரிபார்த்தல், பொருத்துதல், பம்ப்பைச் சோதித்தல், சரக்குப் பதிவு என்று இரண்டு வாரத்துக்கு ஒரு பிரிவாக மாற்றுங்கள். அவருக்குப் பொறுப்பாக அனுபவமுள்ள ஒரு தொழிலாளியை நியமியுங்கள். அந்தத் தொழிலாளிக்கு அதற்கென்று ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் பையனை டீ வாங்கத்தான் அனுப்புவார்.

படிப்பு முடித்தபின் எடுப்பதானால், 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களும் அதன் வரம்புக்குள் வந்தார்கள். ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும், உதவித்தொகை உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். உங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு விருப்பம்.

இரண்டாவது கவலைக்குத் தனி ஒருவராக விடை காண முடியாது. நீங்கள் மட்டும் பழக்கினால், பக்கத்துக்காரர் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து அழைத்துக்கொள்வார் என்பது உண்மை. எல்லோரும் பழக்கினால் அந்தக் கேள்வியே எழாது. கோவையில் தொழிலமைப்புகளுக்குக் குறைவில்லை. ஓர் அமைப்பின் உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு மாணவர்கள் என்று ஏற்றுக்கொண்டு, பயிற்சிக் காலத்தில் ஒருவர் பையனை மற்றவர் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்.

இங்கே தரம் 12இல் தொழிற்றுறைப் பாடத்துறைக்குச் சாதாரண தரத்தில் (பதினோராம் தரப் பொதுத்தேர்வு) சித்தியடையாத பிள்ளைகளே பெரும்பாலும் வருகின்றனர். இதன் மதிப்பை எப்படி உயர்த்தலாம்?
ஆசிரியை, யாழ்ப்பாணம்

இலங்கையில் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியின் நல்ல பகுதியே, சாதாரண தரப் பெறுபேறு பாராமல் பிள்ளையைத் தொடர்ந்து படிக்க விடுவதுதான். அந்தக் கதவை மூடி மதிப்பை உயர்த்த முயல வேண்டாம். அதற்குப் பதில், விஞ்ஞானப் பிரிவிலும் கலைப் பிரிவிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்பாடத்தைக் கூடுதலாகக் கற்கும் வாய்ப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே பட்டறையில் இருதரப்பும் நிற்கட்டும். என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழில் தகைமையின் நான்காம் மட்டத்திலிருந்து மேலே ஏறி, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம் என்பதையும், அப்படிப் போன பழைய மாணவர் ஒருவரை அழைத்துவந்து, பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வையுங்கள்.

ஒரு தொழிற்கல்வித் திட்டம் வெற்றி பெற்றதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

சேர்க்கை எண்ணிக்கையைக் கொண்டு அளக்காதீர்கள். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை, அதைத் துரத்தும் அவசரத்தில் ஆசிரியரில்லாத பிரிவுகள் சில திறக்கப்பட்டதை நான் கண்டேன். கானா நாட்டுப் பள்ளிகளை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர் 1965இலேயே ஒன்றைச் சொன்னார்: மாணவர் எதைப் படிக்க விரும்புகிறார் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை, வெளியே எந்த வேலைக்கு நல்ல ஊதியமும் மதிப்பும் கிடைக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. எழுத்தருக்கு இருபதாயிரமும் வெல்டருக்குப் பன்னிரண்டாயிரமும் கொடுக்கும் ஊரில் பள்ளியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

உங்கள் குழுவால் முடிவது இது. நீள நோட்டு ஒன்று வாங்கி, முடித்துச் செல்லும் ஒவ்வொரு மாணவரின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை, இரண்டாண்டு கழித்து ஒருமுறை தொலைபேசியில் பேசி, என்ன வேலை அல்லது என்ன படிப்பு, என்ன சம்பளம், பள்ளியில் கற்றதில் எது கைகொடுத்தது, எது இல்லாமல் திண்டாடினாய் என்ற நான்கு கட்டங்களை நிரப்புங்கள். பொங்கல் விடுமுறையில் பேசினால் பெரும்பாலோர் ஊரில்தான் இருப்பார்கள். நான்காவது கட்டத்தைப் படித்துவிட்டு, ஜூனில் பள்ளி திறக்கும் முன் பாட ஆசிரியரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.